மரத்துக்கும் மேனிக்கும்

கோலகுபு பாருவை விட்டுப் பழைய நெடுஞ்சாலையில் வடக்கே தஞ்சோங் மாலிம் பக்கம் போனால், இடையில் வரும் சிறிய ஊர் கெர்லிங். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் சுவர்போல நிற்கும். மலையில் மோதிய மேகம் பிற்பகலில் மழையாக இறங்கும். மறுநாள் காலை வரை புல்லும் பட்டையும் காயாது. இன்று சாலையின் இருபுறமும் செம்பனை. நான் பிறந்தபோது பெரும்பாலும் ரப்பர்.

அந்தத் தோட்டங்களில் ஒன்றில் அம்மா பால்வெட்டினார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்கினால் முழங்கால் வரை பனி நனைக்கும். ரப்பர் சப்பாத்துக்குள் போன தண்ணீர் மதியம்வரை அங்கேயே இருக்கும். மழைக்காலம் வந்தால் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் சீக்கு வரும் என்பார் அம்மா. புதிதாக வெட்டிய பட்டையில், வெட்டு வாய்க்கு மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் படரும். அதே வாரத்தில் அவருடைய கால்விரல் இடுக்கும் வெள்ளையாக ஊறி, வெடித்து, எரியும். "மரத்துக்கு வெட்டு வாயில, எனக்கு விரல் இடுக்குல. ரெண்டும் ஒரே சீக்குடா" என்பார். தோட்ட நிர்வாகம் மரத்துக்கு உடனே மருந்து பூச ஆள் அனுப்பும். அம்மா சாயங்காலம் டிரெஸர் என்ற தோட்ட மருத்துவமனை உதவியாளரிடம் போய் வரிசையில் நிற்பார்.

பல வருடங்கள் கழித்து நுண்ணுயிரியல் படித்தபோதுதான், அம்மா சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று தெரிந்தது. பட்டையில் பூத்தது செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. விரலிடுக்கில் இருந்தது டிரைக்கோஃபைட்டன் என்ற பூஞ்சை. இனம் வேறு, இரை வேறு. ஆனால் இரண்டும் ஒரே பெருங்குடும்பம். அவற்றை அடக்கும் மருந்துகளும் உறவுக்கார மருந்துகளே.

இந்தத் தோல்நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்ற உண்மையை மனிதர்கள் எட்ட வெகுகாலம் பிடித்தது. பெயர்களைப் பாருங்கள். வட்டமாகப் படரும் நோயைத் தமிழில் படர்தாமரை என்கிறோம், அழகான பெயர். ஆனால் வண்டுகடி என்றும் சொல்கிறோம், ஏதோ பூச்சி கடித்துவிட்டது போல. மலாய்க்காரர்கள் சேற்றுப்புண்ணைக் 'கூத்து ஆயேர்' என்கிறார்கள். நீர்ப்பேன் என்று பொருள். ஆங்கிலத்தில் வளையப்புழு. மருத்துவர்கள் எழுதும் 'டினியா' என்ற இலத்தீன் சொல்லுக்குத் துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு என்று அர்த்தம். நாலு மொழிக்காரர்களும் தனித்தனியாக ஒரு பூச்சியையோ புழுவையோ குற்றவாளியாக்கியிருக்கிறார்கள். 1841-ல்தான் பாரிசில் டேவிட் குரூபி என்ற மருத்துவர், தலையில் வரும் ஒரு வகைப் படைநோயின் பொருக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உள்ளே இழை இழையாக ஓடுவது பூஞ்சை என்று காட்டினார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடிப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, மனித நோய் ஒன்றுக்கு நுண்ணுயிர் காரணம் என்று சுட்டிய முதல் சில கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று.

பூஞ்சையைச் செடி என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் மரபணு வழியில் அது செடியைவிட விலங்குக்குத்தான் நெருங்கிய சொந்தம். சிகிச்சையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய உயிர். அதன் செல்லில் நமக்கு இல்லாத உறுப்புகள் பல உண்டு, அவற்றைக் குறிவைத்து அடிக்கலாம். பூஞ்சையின் செல்லோ நம் செல்லைப் போலவே கட்டப்பட்டது. அதைக் கொல்வது நம்மையும் காயப்படுத்தும். ஆகவே பூஞ்சை மருந்தின் வரலாறு என்பது, நமக்கும் அதற்கும் இடையே உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளைத் தேடிய வரலாறு.

தோல் பூஞ்சைகள் தின்பது கெரட்டின். நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றும் இந்தப் புரதத்தால் ஆனவை. மேலடுக்கின் செல்கள் ஏற்கெனவே இறந்தவை. பூஞ்சை அந்த இறந்த கூரையில்தான் குடியிருக்கிறது. ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாத் திசையிலும் வெளிநோக்கி நகர்கிறது. உடலின் காவல் செல்கள் அதன் முன்னணியை அடையாளம் கண்டு தாக்குவதால், விளிம்பு சிவந்து, தடித்து, அரிக்கிறது. நடுவில் இரை தீர்ந்து, சண்டை ஓய்ந்து, தோல் தெளிகிறது. தாமரை இலை போன்ற அந்த வட்டம் இப்படித்தான் உருவாகிறது. அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்யும் வேலையல்ல, அதை எதிர்த்து நம் உடல் செய்யும் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த அத்தியாயத்தின் பின்பாதியில் இது உயிரான செய்தியாக வரும்.

டிரெஸரிடம் அந்தக் காலத்தில் இருந்த மருந்துகள் மூன்று நான்குதான். விட்ஃபீல்டு களிம்பு அதில் முதன்மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தோல் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டு உருவாக்கியது: 6 விழுக்காடு பென்சோயிக் அமிலம், 3 விழுக்காடு சாலிசிலிக் அமிலம். பென்சோயிக் அமிலம் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். சாலிசிலிக் அமிலம் இறந்த தோலை உரித்துத் தள்ளும். பூஞ்சையைத் தனியாகப் பிடிக்க முடியாதபோது, அது குடியிருக்கும் கூரையையே கழற்றி எறியும் உத்தி. எரியும், பிசுபிசுக்கும், ஆனால் வேலை செய்யும். ஏழை நாடுகளின் மருந்துப் பட்டியலில் அது வெகுகாலம் நின்றது காரணமில்லாமல் இல்லை. லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசைகளின் ஓரங்களில் மஞ்சளாகக் கதிர்விட்டுப் பூக்கும் சீமையகத்தி இலையைப் பெண்கள் அரைத்துப் பூசுவார்கள். மலாய்க்காரர்கள் அதையே 'கெலெங்காங்' என்று அழைத்து, அதே நோய்க்கு அதே விதமாகப் பூசினார்கள். அந்த இலையில் உள்ள ஆந்த்ரகுவினோன் வகைப் பொருள்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு.

டிரெஸரிடம் இருந்த இன்னொரு மருந்து, செக்கச் சிவந்த ஒரு திரவம். துணியில் பட்டால் போகாது. அதன் பெயர் காஸ்டெல்லானி பெயிண்ட். அந்தப் பெயருக்குரிய ஆல்டோ காஸ்டெல்லானி, இத்தாலியில் பிறந்து 1903 முதல் கொழும்பில் பணியாற்றிய மருத்துவர். வெப்பமண்டலத் தோல்நோய்களை அவர் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. தொடை இடுக்கில் வரும் படையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சையை 1910-ல் விவரித்தார். அது வளர்ப்புத் தட்டில் சிவப்பாக நிறம் விட்டதால் 'ரூப்ரம்' என்று பெயரிட்டார். இன்று உலகில் மனிதத் தோலில் மிக அதிகமாகக் காணப்படும் பூஞ்சை அதுவே. ஆசியாவில் தோன்றி, படைவீரர்களோடும் கப்பல்களோடும் கூலிகளோடும் உலகம் முழுவதும் நடந்து போனது என்பது பெரும்பாலான பூஞ்சையியலாளர்களின் கருத்து. அதே கடலைத் தாண்டித்தான் என் பாட்டனும் சிலாங்கூருக்கு வந்தார். மனிதன் போன பாதையில் அவன் தோலில் இருந்தவையும் போயின. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் மேலே பூசுபவை. உள்ளே விழுங்கித் தோலைக் குணப்படுத்தும் முதல் பூஞ்சை மருந்து கிரிசியோஃபுல்வின். அதன் கதை மரத்தில் தொடங்குகிறது என்பதால் எனக்கு அது மிகப் பிடித்த கதை.

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வேர்ஹம் என்றொரு தரிசு. அங்கே நட்ட ஊசியிலை மரக்கன்றுகள் ஏனோ பிழைக்கவில்லை. அந்த மண்ணை ஆராய்ந்த தாவரவியலாளர் பி. டபிள்யூ. பிரையனும் அவருடைய குழுவும் 1946-ல், மண்ணிலிருந்த பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்று சுரக்கும் பொருளைக் கண்டார்கள். அது பட்டதும் மற்றப் பூஞ்சைகளின் இழைகள் நேராக வளராமல் சுருள் சுருளாகச் சுருண்டன. பிறகுதான் தெரிந்தது: 1939-லேயே லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, ரைஸ்ட்ரிக், சிமோனார்ட் மூவரும் இன்னொரு பெனிசிலியத்திலிருந்து பிரித்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டு, பயன் தெரியாமல் விட்டுவைத்த கிரிசியோஃபுல்வின்தான் அது. பயிர் நோய்க்கு உதவுமா என்றே முதலில் பார்த்தார்கள். 1958-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜே. சி. ஜென்டில்ஸ், படைநோய் பிடித்த கினிப் பன்றிகளுக்கு அதை வாய்வழி கொடுத்தார். தோலில் எதையும் பூசாமலே படை மறைந்தது. ஓராண்டுக்குள் மனிதர்களிடமும் வெற்றி.

அது எப்படி வேலை செய்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழாய்கள் என்ற கயிறுகள் உருவாகும். கிரிசியோஃபுல்வின் பூஞ்சையின் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுக்க விடாது. இழை சுருண்டு நிற்கும். இதைப் படித்த நாளில் அம்மாவின் வெட்டு வாய் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சாம்பல் படலத்துக்குப் பூசப்பட்ட மருந்துகளில் பெனோமில் ஒன்று. அதுவும் பூஞ்சையின் அதே கயிற்றைத்தான் வேறு முனையில் பிடிக்கிறது.

கிரிசியோஃபுல்வினுக்கு இன்னொரு குணம். அது வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போய், அங்கிருந்து புதிதாக உருவாகும் தோலிலும் முடியிலும் கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். பழைய தோலில் இருக்கும் பூஞ்சையை அது துரத்துவதில்லை. கீழிருந்து ஏறிவரும் புதிய தோல் மருந்து ஊறியதாக வரும். பூஞ்சைக்கு அதில் வேர்விட முடியாது. பழைய தோல் தன் கணக்குப்படி உதிரும்போது பூஞ்சையும் அதோடு உதிரும். அடித்தோலில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே மருந்தும் நாலு வாரம், ஆறு வாரம் என்று நீளும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால் அதிகமாக உறிஞ்சப்படும். சோற்றில் தேங்காய்ப்பால் குழம்பு இருக்கிற ராத்திரியில் மாத்திரையைப் போடு என்று எங்கள் டிரெஸர் சொன்னது சமையல் குறிப்பு அல்ல, மருந்தியல். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்து முறைப்படுத்தியது. அந்தப் பதவியில் இருந்த நல்லவர்கள், மருத்துவர் எட்டாத இடங்களில் மருத்துவராகவே வாழ்ந்தார்கள்.

பிறகு வந்த மருந்துகள் எல்லாம் ஒரு கொழுப்பைச் சுற்றியே நிற்கின்றன. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. சவ்வு மிக இளகினாலும் ஆபத்து, மிக இறுகினாலும் ஆபத்து. பதம் காக்க நம் செல்கள் பயன்படுத்துவது கொலஸ்டிரால். பூஞ்சை பயன்படுத்துவது எர்கோஸ்டிரால். இரண்டும் அண்ணன் தம்பி போல. வடிவத்தில் ஓரிரு பிணைப்புகள்தான் வேறு. நெருங்கிய உறவுக்காரனை அடையாளம் காண உதவும் மச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950-ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு நியூயார்க் பெண் விஞ்ஞானிகள் அறிவித்த நிஸ்டாட்டின், எர்கோஸ்டிராலோடு நேரடியாக ஒட்டிச் சவ்வை ஓட்டையாக்கும். குழந்தைகளின் வாயில் வரும் வெண்புண்ணுக்கு அது நல்ல மருந்து, படர்தாமரைக்கு உதவாது.

படர்தாமரைக்கு உதவியவை, எர்கோஸ்டிரால் தயாராகும் ஆலையையே மறித்த மருந்துகள். பூஞ்சை, ஸ்குவாலீன் என்ற எண்ணெயில் தொடங்கிப் பல படிகளில் எர்கோஸ்டிராலைச் செய்கிறது. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் என்று 'அசோல்' முடியும் மருந்துகள் எல்லாம் நடுப்படி ஒன்றில் வேலை பார்க்கும் நொதியைக் கட்டிப்போடுகின்றன. சவ்வு பதம் கெடுகிறது. பூஞ்சை வளர முடியாமல் நிற்கிறது, பெரும்பாலும் உடனே சாவதில்லை. டெர்பினாஃபின் ஆலையின் வாசலிலேயே, ஸ்குவாலீனை அடுத்த நிலைக்கு மாற்றும் நொதியை நிறுத்துகிறது. இதனால் இரட்டை அடி விழுகிறது. எர்கோஸ்டிரால் வராது, செலவாகாத ஸ்குவாலீன் உள்ளே குவிந்து நஞ்சாகிப் பூஞ்சையைக் கொல்லும். அதனால்தான் சேற்றுப்புண்ணுக்கு டெர்பினாஃபின் களிம்பு ஒரு வாரம் போதுமாகிற இடத்தில், அசோல் களிம்பு நாலு வாரம் வரை வேண்டியிருக்கிறது.

கெர்லிங் வட்டாரத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு, தோட்டங்களின் பெரிய பகை கனோடெர்மா என்ற பூஞ்சை. அடிமரத்தை உள்ளிருந்து அழுகச் செய்து, ஒருநாள் மரத்தையே சாய்த்துவிடும். அதற்கு எதிராக மலேசியாவில் சோதிக்கப்பட்ட வழிகளில் ஒன்று, மரத்தில் துளையிட்டு ஹெக்ஸகோனசோல் செலுத்துவது. பெயரின் வாலைக் கவனியுங்கள். மருந்துக்கடையில் வாங்கும் க்ளோட்ரிமசோலின் பங்காளி அது. அடிப்பதும் அதே நொதியை. மரம் முழுதாகக் குணமாவதில்லை, இன்னும் சில காலம் காய்க்கும். ஒரே நொதியை வயலிலும் ஆஸ்பத்திரியிலும் அடித்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு விலை உண்டு. பயிர்களுக்கு அசோல் அதிகம் தெளிக்கும் நெதர்லாந்தில், அசோல் மாத்திரையே தொடாத நோயாளிகளின் நுரையீரலில் அசோலுக்கு மசியாத ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை கண்டுபிடிக்கப்பட்டது. வயலில் பழகிக்கொண்டு வந்த பூஞ்சை அது.

தேமலைப் பற்றி ஒரு வார்த்தை. மலாயில் 'பானாவ்'. அது டிரைக்கோஃபைட்டன் அல்ல. நம் எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட், வெக்கையிலும் வியர்வையிலும் எல்லை மீறும்போது வருவது. கீட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைடு ஷாம்புகள் அடக்கும். ஆனால் பூஞ்சை செத்த பிறகும் வெளிறிய நிறம் மாதக்கணக்கில் நிற்கும். மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி மறுபடி பூசுவது வீண். சிலாங்கூரில் இந்த வெளிறிய புள்ளிக்கு ஒரு நிழல் உண்டு. 1930-ல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. தோலில் ஒரு புள்ளி தெரிந்தால் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் பாட்டிமார் அதை மறைத்து வாழ்ந்தார்கள். தேமலில் தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும். புள்ளியில் உணர்ச்சி மரத்திருந்தால் அது வேறு, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொழுநோயும் இன்று மருந்தால் குணமாகும் நோய்தான்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவன் இடுப்பிலிருந்து முதுகு வரை படையோடு வந்தான். செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. உடல் முழுக்க மூடிய உடுப்பு, உள்ளே வியர்வை. எட்டு மாதமாக ஒரு குழாய்க் களிம்பைப் பூசியிருந்தான். "போட்டா ரெண்டே நாள்ல அரிப்பு போயிடுது மாமா. விட்டா திரும்ப வந்துடுது" என்றான். குழாயைத் திருப்பிப் படித்தேன். பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, மூன்றாவதாக க்ளோபெட்டாசோல். அது தோலுக்கான ஸ்டீராய்டுகளில் மிக வீரியமானவற்றில் ஒன்று.

அரிப்பும் சிவப்பும் நம் உடலின் தற்காப்பு என்று சொன்னேன் அல்லவா? ஸ்டீராய்டு அந்தத் தற்காப்பைத் தூங்க வைக்கிறது. அரிப்பு நிற்கும். பூஞ்சைக்கோ எதிர்ப்பே இல்லாத வயல் கிடைக்கும். வட்டத்தின் விளிம்பு கலைந்து, பார்த்தால் படை என்றே தெரியாத உருவுக்கு வந்துவிடும். 1968-லேயே இங்கிலாந்தில் ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு 'மாறுவேடப் படை' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். தோல் மெலிந்து, தொடை இடுக்கில் நிரந்தரமான கோடுகள் விழும். அந்தப் பையனின் தொடையில் அவை இருந்தன.

இந்தியாவில் இத்தகைய கலவைக் களிம்புகள் பல ஆண்டுகள் பெட்டிக்கடைச் சரக்குபோல விற்றன. 2018-ல்தான் அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. அதற்குள் புதிய பூஞ்சை ஒன்று பரவிவிட்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குப் போன நோயாளிகளின் தோலிலிருந்து பிரித்து, 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோஃபைட்டன் இந்தோட்டினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் அடைக்கும் அந்த வாசல் நொதியில் 393 அல்லது 397-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான், மருந்து பொருந்துவதில்லை. 2023-ல் நியூயார்க்கில் அமெரிக்காவின் முதல் நோயாளிகள் பதிவானார்கள். இட்ராகோனசோல் கேட்கிறது, ஆனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்.

வட சிலாங்கூர்ச் செம்பனைகளில் இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஒரே அறையில் பலர், ஒரே கொடியில் துணி, ஒரே துண்டு. பூஞ்சைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. அவர்கள்மேல் பழி போடுவது எளிது, அநியாயம். நம் பாட்டனை லயத்தில் அடைத்தபோதும் இதே பழியைத்தான் போட்டார்கள். காய்ந்த உடுப்புக்கும், ஆளுக்கொரு துண்டுக்கும், ஒழுங்கான மருத்துவத்துக்கும் வழி செய்யாத முதலாளிதான் கேள்வி கேட்கப்பட வேண்டியவர். பழைய தோட்டத்தில் ஒரு டிரெஸராவது இருந்தார்.

பையனை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் படையின் விளிம்பை மழுங்கிய கத்தியால் சுரண்டி, உதிர்ந்த தூளைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். தோல் கரைந்து, கரையாத பூஞ்சை இழைகள் மட்டும் நின்றன. அவனையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தான். குழாயை அங்கேயே குப்பையில் போட்டான். ஸ்டீராய்டு நின்றதும் முதல் வாரம் அரிப்பு முன்னைவிடக் கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால் தாங்கினான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மறுபடி குழாயைத் தேடிப் போயிருப்பான். மருத்துவர் தந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டான். அவர் தந்த புதிய களிம்பை விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம் சேர்த்துப் பூசினான். தோல் தெளிவாகத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்தான்.

அம்மாவுக்கு விரலிடுக்குப் புண் என்றோ ஆறிவிட்டது. ஆனால் அது போகும் வழியில் வலது பெருவிரல் நகத்துக்குள் புகுந்து, மஞ்சளாகத் தடித்து, செருப்பு போடவே வலித்தது. எழுபது வயதில் நீரிழிவும் சேர்ந்ததால் காலில் சின்ன வெடிப்பும் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். நகத்துணுக்கைச் சோதித்து, கல்லீரலுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, டெர்பினாஃபின் மாத்திரை பன்னிரண்டு வாரம். மாத்திரை தீர்ந்த அன்று நகம் அப்படியே மஞ்சளாகத்தான் இருந்தது. "காசு போச்சு" என்றார் அம்மா. மருந்து நகத்துக்குள் இன்னும் இருக்கிறது, கால்நகம் முழுதாக மாற ஒரு வருடத்துக்கு மேலாகும் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து, நகத்தின் அடியிலிருந்து ஏறும் தெளிந்த பகுதியை ஒரு அரிசியை வைத்து அளந்தார். முதலில் அரை அரிசி. தைப்பூசத்துக்கு ஒரு அரிசி. அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம், மீதியிருந்த மஞ்சள் நுனியை நகவெட்டியால் வெட்டி எடுத்து, செய்தித்தாள் துண்டில் வைத்து, எனக்குக் காட்டுவதற்காக மடித்து வைத்திருந்தார்.